விண்டோஸ் 11-க்கு மாறிய பின் முதல் பத்து நாள்: எதை முதலில் சரிபார்ப்பது, எதைப் பிறகு மாற்றுவது

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டிலும் கடையிலும் சிறிய அலுவலகங்களிலும் பழைய கணினியையே விண்டோஸ் 11-க்கு அப்கிரேட் செய்து பயன்படுத்துவோர் ஏராளம். மாறிய உடனே பெரும்பாலோர் கை வைப்பது ஸ்டார்ட் பட்டனில்தான்: அது ஏன் நடுவில் வந்தது, எப்படி இடப்பக்கம் தள்ளுவது என்று. அதைப் பத்து நாள் கழித்தும் செய்யலாம். பத்து நாளுக்குள் செய்தே ஆக வேண்டிய வேலைகள் வேறு.

அப்கிரேட் முடிந்ததும் பழைய விண்டோஸ், சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டரில் அப்படியே இருக்கும். அது இருக்கும் வரை செட்டிங்ஸ் > சிஸ்டம் > ரெக்கவரி பக்கத்தில் உள்ள 'கோ பேக்' பட்டனை அழுத்திப் பழையபடி விண்டோஸ் 10-க்குத் திரும்பலாம். பத்து நாள் ஆனதும் அந்த ஃபோல்டர் தானாக அழிந்துவிடும். அதன்பின் திரும்ப வேண்டுமானால் எல்லாவற்றையும் புதிதாக நிறுவுவது மட்டுமே வழி. அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: நின்றுபோனால் பிழைப்பு நின்றுவிடும் வேலைகளை முதல் இரண்டு நாளில் சோதியுங்கள். தோற்றம், வசதி எல்லாம் பிறகு.

இந்தப் பத்து நாளில் மூன்றைத் தவிருங்கள். இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப்போ வேறு சுத்தம் செய்யும் மென்பொருளோ ஓட்டாதீர்கள், விண்டோஸ்.ஓல்டு அதோடு சேர்ந்து போய்விடும். புதிய பயனர் கணக்கு உருவாக்குவதைத் தள்ளிப் போடுங்கள். அப்கிரேடுக்குப் பின் சேர்த்த கணக்குகளை நீக்கினால்தான் திரும்ப விடும். தேவையில்லாமல் புதிய மென்பொருள் ஏற்றாதீர்கள். திரும்பிப் போகும்போது அவை நிற்காது.

முதல் மணி நேரம்: சாவியும் கோப்புகளும்

கணினியின் வட்டு பூட்டு முறையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செட்டிங்ஸ் > பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று ஒரு வரி இருந்து அது ஆன் நிலையில் இருந்தால், உங்கள் வட்டுக்கு 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்திருந்தால் அந்தச் சாவி கணக்கின் இணையப் பக்கத்தில், உங்கள் சாதனத்தின் பெயருக்குக் கீழே சேமிக்கப்பட்டிருக்கும். அதை எடுத்துத் தாளில் எழுதி, கணினிக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள். விண்டோஸ் 10-லிருந்து அப்கிரேட் செய்தால் பழைய நிலையே தொடரும். ஆனால் 24எச்2 (விண்டோஸ் 11-இன் 2024 பதிப்பு) அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், இந்தப் பூட்டு பெரும்பாலான கணினிகளில் தானாகவே விழுந்துவிடும். பிறகொரு நாள் பயாஸ் (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிக்கும்போதோ மதர்போர்டு மாற்றும்போதோ திரை நீல நிறத்தில் நின்று சாவியைக் கேட்கும். சாவி இல்லையென்றால் வட்டிலுள்ள எதையும் யாராலும் மீட்க முடியாது. மற்ற எல்லாக் கோளாறுக்கும் பரிகாரம் உண்டு, இதற்கு மட்டும் இல்லை.

அடுத்து கோப்புகள். 'டெஸ்க்டாப்பில் இருந்ததெல்லாம் காணோம்' என்ற பதற்றத்துக்கு வழக்கமான காரணங்கள் இரண்டு.

ஒன்று, தற்காலிகப் பயனர் கணக்கு. உள்ளே நுழைந்ததும் 'உங்கள் கணக்கில் நுழைய முடியவில்லை' என்ற பொருளில் ஒரு அறிவிப்பு வந்திருந்தால், நீங்கள் பார்ப்பது உங்கள் டெஸ்க்டாப்பே அல்ல. அந்த நிலையில் எதையும் சேமிக்காதீர்கள். வெளியேறியதும் எல்லாம் அழியும். ஒன்றிரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், பல நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

இரண்டாவது காரணம் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவ். இதுதான் அதிகம் நடப்பது. அமைப்பின்போது வரும் திரைகளில் 'நெக்ஸ்ட்' அழுத்திக்கொண்டே போனால், டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய மூன்று ஃபோல்டர்களும் ஒன்டிரைவுக்குள் இடம் மாறிவிடக்கூடும். கோப்புகள் எங்கும் போகவில்லை, முகவரிதான் மாறியிருக்கிறது. சி டிரைவ் > யூசர்ஸ் > உங்கள் பெயர் > ஒன்டிரைவ் > டெஸ்க்டாப் என்று போய்ப் பாருங்கள். யூசர்ஸ் > உங்கள் பெயர் > டெஸ்க்டாப் என்ற பழைய இடத்தையும் பாருங்கள். இரண்டில் ஒன்றில் இருக்கும்.

ஒன்டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி மட்டுமே. கல்யாணப் படங்கள் ஒரு ஃபோல்டர் இருந்தாலே நிரம்பிவிடும். நிரம்பியதும் நகலெடுப்பது நின்று, 'இடம் வாங்குங்கள்' என்ற அறிவிப்பு ஓயாமல் வரும். இந்த வசதி வேண்டாம் என்பவர்கள் ஒன்டிரைவை நேரடியாக அன்இன்ஸ்டால் செய்துவிடுகிறார்கள். அது தவறான வரிசை. சரியான வரிசை இது:

1. டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் உள்ள மேகச் சின்னத்தை அழுத்தி, பல்சக்கரச் சின்னம் வழியாகச் செட்டிங்ஸுக்குள் போங்கள்.
2. கோப்புகளின் பக்கத்தில் மேகச் சின்னம் மட்டும் தெரிந்தால் அவை இணையத்தில்தான் இருக்கின்றன, வட்டில் இல்லை. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அந்த ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுங்கள். பச்சை டிக் வரும் வரை பொறுங்கள்.
3. பிறகு 'சிங்க் அண்ட் பேக்கப்' > 'மேனேஜ் பேக்கப்' போய் மூன்று ஃபோல்டர்களையும் ஒவ்வொன்றாக ஆஃப் செய்யுங்கள். கோப்புகளை எங்கே வைப்பது என்று கேட்டால் கணினியிலேயே என்று தேர்ந்தெடுங்கள்.
4. கேட்கவில்லையென்றால் கோப்புகள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ளேயே தங்கியிருக்கும். அங்கிருந்து பழைய இடத்துக்கு நகலெடுத்து, திறந்து பார்த்துச் சரிபார்த்த பிறகே அங்குள்ளதை நீக்குங்கள்.

முதல் நாள்: அச்சு

உங்களிடம் இருந்தது 64-பிட் விண்டோஸ் 10 என்றால் பிரிண்டர் பெரும்பாலும் தானாகவே வேலை செய்யும். 32-பிட் விண்டோஸ் 10 இருந்த கணினி என்றால் கதை வேறு. விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. அதிலிருந்து நேரடி அப்கிரேடும் இல்லை, புதிதாகத்தான் நிறுவியிருப்பீர்கள். எனவே பழைய 32-பிட் டிரைவர் (பிரிண்டர் போன்ற சாதனத்தை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) எதுவும் உதவாது, பழைய சிடியை எடுத்துப் போட்டுப் பயனில்லை. தயாரிப்பாளரின் தளத்தில் 64-பிட் டிரைவரைத் தேடி இறக்குங்கள்.

எச்பி லேசர்ஜெட் 1020 வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு. இந்த மாடல், தன்னை இயக்கும் ஃபர்ம்வேரை உள்ளே நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினியில் உள்ள டிரைவர்தான் அதை அனுப்பி வைக்கிறது. அதனால் பொதுவான டிரைவர் எதையாவது தேர்ந்தெடுத்தால் பட்டியலில் பிரிண்டர் தெரியும், 'ரெடி' என்றும் காட்டும், ஆனால் தாள் நகராது. அந்த மாடலுக்கே உரிய டிரைவரை நிறுவி, பிரிண்டரை அணைத்து மறுபடி போடுங்கள்.

அச்சு வேறெங்கோ போகிறதென்றால் செட்டிங்ஸ் > புளூடூத் அண்ட் டிவைசஸ் > பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தில் 'லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்' என்பதை ஆஃப் செய்யுங்கள். அது ஆனில் இருந்தால் கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரையே விண்டோஸ் முதன்மையாக வைத்துக்கொள்ளும். ஒருமுறை பிடிஎஃப்-ஆகச் சேமித்துவிட்டு அடுத்து பில் போட்டால், அதுவும் பிடிஎஃப்-ஆகச் சேமிக்கவா என்று கேட்கும்.

இன்னொரு கணினியில் யுஎஸ்பி வழியாக இணைத்து நெட்வொர்க்கில் பகிர்ந்த பிரிண்டர்தான் அதிகத் தொல்லை தருவது. '11பி' என்றோ '709' என்றோ முடியும் பிழை எண் வந்தால் அதற்குக் காரணம், பிரிண்டர் சேவையின் பாதுகாப்புக் குறைகளை அடைக்க 2021 முதல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த கட்டுப்பாடுகள். இரண்டு கணினியும் வேறு வேறு புதுப்பிப்பு நிலையில் இருந்தால் ஒன்றையொன்று ஏற்காது. இரண்டையும் முழுமையாகப் புதுப்பித்துப் பாருங்கள். அப்போதும் வரவில்லையென்றால், பாதுகாப்பைத் தளர்த்தாமல் செய்யக்கூடிய வழி இது: உங்கள் கணினியில் அந்தப் பிரிண்டரின் டிரைவரை நிறுவுங்கள். 'ஆட் மேனுவலி' வழியாகப் போய், 'கிரியேட் எ நியூ போர்ட்' என்பதில் 'லோக்கல் போர்ட்' தேர்ந்தெடுங்கள். போர்ட்டின் பெயராக இரண்டு பின்சாய்வுக் கோடு, மற்ற கணினியின் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, பகிர்வுப் பெயர் என்று இடைவெளி இல்லாமல் அடியுங்கள்.

நெட்வொர்க் ஃபோல்டர்: கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது

ஒரு கணினியில் டேலி டேட்டா, மற்ற இரண்டு மூன்று கணினிகளிலிருந்து அதைத் திறப்பது, பாஸ்வேர்டு எதுவும் கிடையாது. நம் ஊர்க் கடைகளில் இதுதான் வழக்கமான அமைப்பு. 24எச்2 பதிப்பிலிருந்து இது நின்றுபோகிறது. பாஸ்வேர்டு இல்லாத விருந்தினர் அனுமதியை புரோ பதிப்பு இப்போது ஏற்பதில்லை. அதோடு, பரிமாற்றம் ஒவ்வொன்றும் கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்துகிறது. விருந்தினராக நுழைபவருக்குக் கையொப்பமிடும் சாவி கிடையாது என்பதால் அந்த வழி இரண்டு பக்கமும் அடைபட்டுவிட்டது. பழைய நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டிகளும் இதே காரணத்தால் திறக்காது.

இணையத்தில் தேடினால் இந்தக் கட்டுப்பாட்டையே அணைக்கும் வழிகள் நிறையக் கிடைக்கும். அவற்றைச் செய்ய வேண்டாம். கணக்கு வழக்கு முழுவதும் இருக்கும் ஃபோல்டர் அது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் ஒரு கணினியில் நுழைந்தால், பாஸ்வேர்டு இல்லாத பகிர்வு வழியாகவே மற்றவற்றுக்கும் பரவும். சரியான தீர்வுக்குப் பத்து நிமிடம் போதும்:

1. டேட்டா இருக்கும் கணினியில் 'கடை' போன்று ஒரு உள்ளூர்ப் பயனர் கணக்கை, அழுத்தமான பாஸ்வேர்டோடு உருவாக்குங்கள். பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள்.
2. பகிர்ந்த ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் > ஷேரிங் பகுதியில் 'எவ்ரிஒன்' என்பதை நீக்கி, அந்தக் கணக்குக்குப் படிக்கவும் எழுதவும் அனுமதி கொடுங்கள்.
3. மற்ற கணினிகளில் அந்த ஃபோல்டரைத் திறக்கும்போது, கணினியின் பெயர், பின்சாய்வுக் கோடு, பயனர் பெயர் என்ற வடிவில் அடித்துப் பாஸ்வேர்டு கொடுங்கள். நினைவில் வைக்கும் பெட்டியில் டிக் போடுங்கள்.

இங்கே பயனர் பெயர் கேட்கும் இடத்தில் பின் எண் செல்லாது, பாஸ்வேர்டுதான் செல்லும். தினமும் நான்கு இலக்கப் பின் போட்டு நுழைந்து பழகியவர்கள் தடுமாறுவது இங்கேதான். டேட்டா கணினியையும் அப்கிரேட் செய்திருந்தால், முன்பு சொன்னபடி இந்தப் புதிய கணக்கு 'கோ பேக்' பட்டனைத் தடுக்கும். திரும்பிப் போக நேர்ந்தால் முதலில் கணக்கை நீக்குங்கள்.

பழைய மென்பொருள்

டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ பில்லிங் மென்பொருள் இன்னும் பல கடைகளில் ஓடுகிறது. 32-பிட் விண்டோஸ் 10-இல் அது ஓடியதற்குக் காரணம், 16-பிட் நிரல்களுக்கான துணை அமைப்பு அதில் இருந்ததுதான். 64-பிட்டில் அது இல்லவே இல்லை. காம்பாட்டிபிலிட்டி மோடில் என்ன தேர்ந்தெடுத்தாலும் ஓடாது, நேரத்தை வீணாக்க வேண்டாம். டாஸ்பாக்ஸ் மென்பொருளில் நிரல் திறக்கும், ஆனால் அதன் அடிப்படைப் பதிப்பு விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது; அச்சு வசதி இல்லை. அலுவலக நிரல்களுக்காகவே உள்ள வி-டாஸ், நிரல் அனுப்பும் அச்சை விண்டோஸ் பிரிண்டருக்கே கொண்டுசேர்க்கும். அதையும் இடைக்கால ஏற்பாடாகவே பாருங்கள். வருடக் கடைசி வரை அதில் ஓட்டி, புதிய நிதியாண்டில் வேறு மென்பொருளுக்கு மாறுவது நல்லது.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் விண்டோஸ் 11-இல் இல்லை. அதில் மட்டுமே திறக்கும் பழைய தளங்களுக்கு எட்ஜ் உலாவியின் செட்டிங்ஸ் > டிஃபால்ட் பிரவுசர் பகுதியில் ஐஇ மோடை (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் போலத் தளங்களைத் திறக்கும் முறை) அனுமதித்து, தளத்தின் முகவரியைப் பட்டியலில் சேருங்கள். அப்படிச் சேர்த்தது 30 நாளில் காலாவதியாகும். போன மாதம் திறந்த தளம் இந்த மாதம் திறக்கவில்லையென்றால் முதலில் அங்கே பாருங்கள். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பயன்படுத்துவோர், வரித் தாக்கலின் கடைசி நாள் வரை காத்திருக்காமல் இன்றே டோக்கனைச் செருகிச் சோதியுங்கள். அடையாளம் தெரியவில்லையென்றால் அதன் டிரைவரை நீக்கிவிட்டுப் புதிய பதிப்பை நிறுவுங்கள்.

விண்டோஸ் மெயில் செயலியில் அஞ்சல் பார்த்தவர்களுக்கு: அதன் ஆதரவு 2024 டிசம்பர் 31-இல் முடிந்தது, புதிய அவுட்லுக் அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. வேர்ட்பேடும் 24எச்2-இல் நீக்கப்பட்டுவிட்டது.

தமிழ்த் தட்டச்சும் எழுத்துருவும்

விண்டோஸிலேயே தமிழ் 99, தமிழ் அஞ்சல் விசைப்பலகைகள் இருக்கின்றன. செட்டிங்ஸ் > டைம் அண்ட் லாங்குவேஜ் > லாங்குவேஜ் அண்ட் ரீஜன் பக்கத்தில் தமிழைச் சேர்த்து, அதன் எதிரே உள்ள மூன்று புள்ளியை அழுத்தி, 'லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்' உள்ளே 'ஆட் எ கீபோர்டு' கொடுங்கள். தமிழைச் சேர்த்ததும் முதலில் வந்து நிற்பது இவை இரண்டும் அல்லாத வேறு விசைப்பலகையாக இருக்கலாம். உங்களுக்குப் பழகியதைச் சேர்த்த பிறகு மற்றதை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து மாற்றும்போதெல்லாம் வேண்டாத ஒன்றையும் கடந்துவர வேண்டியிருக்கும்.

என்எச்எம் ரைட்டர், அழகி, இ-கலப்பை போன்றவற்றைப் பயன்படுத்துவோர் அதையே தொடரலாம். அப்போது விண்டோஸ் விசைப்பலகை ஆங்கிலத்திலேயே இருக்க வேண்டும். இரண்டும் தமிழில் இருந்தால் ஒன்று மாற்றியதை இன்னொன்று மறுபடி மாற்றி எழுத்துகள் குழம்பும். எல்லா இடத்திலும் தமிழ் வருகிறது, ஒரு மென்பொருளில் மட்டும் வரவில்லை என்றால் அந்த மென்பொருள் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' உரிமையோடு ஓடுகிறதா என்று பாருங்கள். குறைந்த உரிமையில் ஓடும் தட்டச்சு மென்பொருளை, மேல் உரிமையில் ஓடும் சாளரத்துக்குள் விண்டோஸ் எழுத விடாது. தட்டச்சு மென்பொருளையும் அதே உரிமையில் திறந்தால் சரியாகும்.

லதா எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் வேறு மாதிரி தெரிந்தால், அந்த எழுத்துரு இந்தக் கணினியில் இல்லை என்று பொருள். விண்டோஸோடு இயல்பாக வருவது நிர்மலா யுஐ. லதாவும் விஜயாவும் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்ற கூடுதல் தொகுப்பில் உள்ளன. செட்டிங்ஸ் > சிஸ்டம் > ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் வழியாக இணையத்திலிருந்து சேர்த்துக்கொள்ளலாம்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை வைத்துப் பத்திரிகை, நோட்டீஸ் வேலை செய்வோர், எழுத்துருக் கோப்பை இரட்டைக் கிளிக் செய்து நிறுவாதீர்கள். ரைட் கிளிக் செய்து, 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' உள்ளே இருக்கும் 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுங்கள். சாதாரணமாக நிறுவினால் அது உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் மட்டும் உட்காரும். பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் பலவற்றுக்கு அந்த இடம் தெரியாது.

வேலையெல்லாம் ஓடுகிறதா? இனி கைப்பழக்கம்

டாஸ்க்பாரில் வெற்றிடத்தை ரைட் கிளிக் செய்து 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்' திறந்து, 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' பகுதியில் சீரமைப்பை 'லெஃப்ட்' ஆக்கினால் ஸ்டார்ட் பழைய மூலைக்கு வந்துவிடும். அதே இடத்தில் 'கம்பைன் டாஸ்க்பார் பட்டன்ஸ்' என்பதை 'நெவர்' ஆக்கினால், ஒரே மென்பொருளின் இரண்டு சாளரங்கள் பெயரோடு தனித்தனியாகத் தெரியும். ஒரே நேரத்தில் நாலு எக்ஸெல் கோப்பு திறப்பவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே பாதி எரிச்சலைக் குறைக்கும். முதல் பதிப்பில் இது இல்லை, 2023-இல்தான் திரும்பி வந்தது. உங்கள் கணினியில் இல்லையென்றால் பதிப்பு பழையது.

ரைட் கிளிக் மெனுவில் கட், காப்பி, ரீநேம், டெலீட் போன்றவை மேலோ கீழோ ஒரு வரிசையில் சின்னங்களாக நிற்கும். பழைய முழு மெனு வேண்டுமென்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரைட் கிளிக் செய்யுங்கள். ரீநேமுக்கு எஃப்2 பழகிவிட்டால் மெனுவே தேவைப்படாது.

கடிகாரத்தை அழுத்தினால் நாள்காட்டியும் அறிவிப்புகளும் வரும். வைஃபை, ஒலி, பேட்டரி மூன்றும் இப்போது ஒரே பட்டன். வேறு வைஃபைக்கு மாற, அந்தப் பலகையில் வைஃபை சின்னத்தின் பக்கத்தில் உள்ள அம்பை அழுத்துங்கள். கன்ட்ரோல் பேனல் இன்னும் இருக்கிறது, தேடல் பெட்டியில் பெயரை அடித்தால் திறக்கும். டிவைஸ் மேனேஜர், டாஸ்க் மேனேஜர், டிஸ்க் மேனேஜ்மென்ட் எல்லாம் ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்தால் ஒரே பட்டியலில் கிடைக்கும்.

பிடிஎஃப் எட்ஜில் திறக்கிறது என்றால் செட்டிங்ஸ் > ஆப்ஸ் > டிஃபால்ட் ஆப்ஸ் பக்கத்தின் மேல் பெட்டியில் கோப்பின் பின்னொட்டை, அதாவது புள்ளியும் பிடிஎஃப்-உம் ஆங்கிலத்தில், அடித்து வேண்டிய மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள். பிரிண்ட் ஸ்கிரீன் விசை இப்போது ஸ்னிப்பிங் டூலைத் திறக்கும். பழையபடி வேண்டுமானால் செட்டிங்ஸ் > ஆக்சஸிபிலிட்டி > கீபோர்டு பக்கத்தில் அணைக்கலாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வரிகள் தள்ளித் தள்ளித் தெரிவது தொடுதிரைக்காக. வியூ > 'காம்பாக்ட் வியூ' கொடுத்தால் நெருங்கி வரும்.

ஸ்டார்ட் மெனுவில் அண்மைக் கோப்புகள் தெரிவது பிடிக்கவில்லையென்றால் செட்டிங்ஸ் > பர்சனலைசேஷன் > ஸ்டார்ட் பக்கத்தில் அணைக்கலாம். அந்த ஒரே பட்டன், டாஸ்க்பார் சின்னங்களை ரைட் கிளிக் செய்தால் வரும் அண்மைக் கோப்புப் பட்டியலையும் சேர்த்தே அணைக்கிறது. அதை நம்பி வேலை செய்பவர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

மெதுவாக இருக்கிறதே?

முதல் இரண்டு மூன்று நாள் மெதுவாக இருப்பது இயல்பு. தேடலுக்கான அட்டவணை புதிதாக உருவாகிறது, புதுப்பிப்புகள் இறங்குகின்றன, விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் கோப்புகளைச் சோதிக்கிறது. ஓரிரவு கணினியை அணைக்காமல் விட்டால் பெரும்பாலும் முடிந்துவிடும். அதன்பிறகும் மெதுவென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மெமரி, டிஸ்க் இரண்டு நெடுவரிசையையும் பாருங்கள். சும்மா இருக்கும்போதே மெமரி 80 சதவீதத்துக்கு மேல் நின்றால் ரேம் போதவில்லை. குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் சொன்னாலும், உலாவியும் எக்ஸெலும் சேர்த்துத் திறக்க 8 ஜிபி வேண்டும். டிஸ்க் எப்போதும் 100 சதவீதத்தில் நிற்கிறது, உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க் இருக்கிறது என்றால் எந்தச் செட்டிங்கும் உதவாது, எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான வட்டு) போடுங்கள். செலவு செய்யத் தகுந்த முதல் பொருள் அதுதான். இவை இரண்டும் சரியாக இருந்தால் செட்டிங்ஸ் > ஆப்ஸ் > ஸ்டார்ட்அப் பக்கத்தில் தேவையில்லாதவற்றை அணைத்துப் பாருங்கள்.

ஒலி வரவில்லை, திரையின் அளவு மாறிவிட்டது என்பவை பெரும்பாலும் டிரைவர் கோளாறு. விண்டோஸ் அப்டேட் > அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் > ஆப்ஷனல் அப்டேட்ஸ் உள்ளே டிரைவர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிரைவர் இறக்கித் தருவதாகச் சொல்லும் தனியார் மென்பொருள்களை நெருங்காதீர்கள்.

ஒன்பதாம் நாள்

அச்சு, நெட்வொர்க், பழைய மென்பொருள், டோக்கன், தமிழ் ஆகிய ஐந்தும் ஓடினால் தங்கிவிடலாம். செட்டிங்ஸ் > சிஸ்டம் > ஸ்டோரேஜ் > டெம்பரரி ஃபைல்ஸ் பகுதியில் 'பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்ஸ்' தேர்ந்தெடுத்து நீக்கினால் பல ஜிபி இடம் திரும்பக் கிடைக்கும்.

ஐந்தில் ஒன்று ஓடவே இல்லை, அது இல்லாமல் தொழில் நடக்காது என்றால் பத்தாம் நாளுக்குக் காத்திராமல் இன்றே திரும்புங்கள். அதற்குமுன் இந்த ஒன்பது நாளில் உருவாக்கிய கோப்புகளை வெளி வட்டில் நகலெடுங்கள். பழைய விண்டோஸ் 10 பாஸ்வேர்டு நினைவில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள், ஏனெனில் திரும்பியதும் அதைத்தான் கேட்கும். மடிக்கணினி என்றால் சார்ஜரைச் செருகியே வையுங்கள். திரும்பிய பின் செட்டிங்ஸில் உள்ள விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் பதிவு செய்யுங்கள். அதற்குக் கணினியில் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-உம் ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். பதிவு செய்த கணினிக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும். ஓடாமல் நின்ற அந்த ஒன்றுக்கு மாற்று தேட உங்களுக்கு இருக்கும் கெடுவும் அதுவே.